நாலு ஸ்வரத்தோட உலகம் சுத்தினவர்

டிசம்பர் வந்துட்டா ஒரு மெட்டு எல்லா இடத்திலயும் ஓடும். மால்ல ஓடும், விளம்பரத்துல ஓடும், ரீல்ஸ்ல ஓடும். ஹோம் அலோன் படத்திலும் வரும். நாலே நாலு ஸ்வரம், வேகமா, திரும்பத் திரும்ப, கொஞ்சம் பயமுறுத்துற மாதிரிகூட இருக்கும். பேர் தெரியலைன்னாலும் கேட்டா உடனே கண்டுபிடிச்சிடுவீங்க. கரோல் ஆஃப் த பெல்ஸ்.

அது அமெரிக்கக் கிறிஸ்துமஸ் பாட்டுன்னுதான் நம்மில் நிறைய பேர் நினைச்சிருப்போம். உண்மையில் அந்தப் பாட்டு உக்ரைனைச் சேர்ந்தது. மூலப் பாட்டில் மணியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. ஒரு தகைவிலான் குருவி ஒரு விவசாயி வீட்டுக்குப் பறந்து வருது. வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டு, உன் தொழுவத்தைப் போய்ப் பாரு, ஆடு குட்டி போட்டிருக்கு, இந்த வருஷம் உனக்கு நல்லா இருக்கும்னு சொல்லுது. அவ்வளவுதான் பாட்டு. ஜனவரிப் பனியில் குருவி எப்படி வரும்னு கேட்பீங்க. கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் அந்த மக்களுக்குப் புத்தாண்டு வசந்த காலத்தில் வந்தது. அதுக்கப்புறம் தேதி மாறியது, குருவி மட்டும் பாட்டிலேயே தங்கிவிட்டது. உக்ரேனிய மொழியில் இந்தப் பாட்டின் பெயர் ஷெட்ரிக்.

கிராமத்தில் இருந்த இந்த நாட்டுப்புற மெட்டை எடுத்துப் பல குரல்கள் சேர்ந்து பாடும் சேர்ந்திசையாக அமைத்தவர் மிகோலா லியோன்தோவிச். ஆனா இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது இல்லை. அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, நாடு நாடாகப் போன ஒரு மனிதரைப் பற்றியது. அவர் பெயர் ஒலெக்சாந்தர் கோஷெட்ஸ். தொழில், கண்டக்டர். பஸ்ஸை நினைக்காதீங்க. மேடையில் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று, கையசைவாலேயே அத்தனை குரலையும் நடத்துவாங்களே, அந்தக் கண்டக்டர்.

கோஷெட்ஸ் பிறந்தது 1875-இல், கீவ் நகருக்குத் தெற்கே ரோமாஷ்கி என்ற கிராமத்தில். அப்போது உக்ரைனின் பெரும்பகுதி ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது. அவருக்கு ஒரு வயது முடிவதற்குள், 1876-இல், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். உக்ரேனிய மொழியில் புத்தகம் அச்சிடக் கூடாது, வெளிநாட்டிலிருந்து கொண்டு வரக் கூடாது, நாடகம் போடக் கூடாது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. இசைக் குறிப்புகளுக்குக் கீழே உக்ரேனிய வரிகளை அச்சிடுவதற்கும் தடை. மெட்டை அச்சிடலாம், வார்த்தை கூடாது. சில வருஷத்தில் கொஞ்சம் தளர்த்தினாங்க. ஆனாலும் 1905 புரட்சி வரைக்கும் அந்தத் தடையின் பிடி முழுசாக விடவில்லை. அதாவது ஒரு பாட்டுப் பித்தரின் முதல் முப்பது வருஷம், தன் மொழியின் பாட்டை அச்சில் பார்ப்பதே கஷ்டம் என்ற நிலையில் போனது.

அப்பா கிராமத்துப் பாதிரியார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் வாத்தியம் கிடையாது. ஆர்கன், வயலின் எதுவும் இல்லை. வழிபாடு முழுக்க மனிதக் குரலில்தான். அதனால் அந்த ஊர்களில் நாலு பேர் சேர்ந்தாலே நாலு குரலாகப் பிரித்துப் பாடும் பழக்கம் இருந்தது. கோஷெட்ஸுக்கு இசையின் முதல் பாடம் அங்கேதான். கீவில் இறையியல் கல்லூரியில் படித்து 1901-இல் முடித்தார். அப்பா மாதிரி பாதிரியார் ஆகியிருக்கலாம். ஆகவில்லை. பாட்டுப் பக்கம் போய்விட்டார்.

அடுத்து அவர் செய்த வேலை முக்கியமானது. கருங்கடலுக்குக் கிழக்கே குபான் என்று ஒரு பகுதி இருக்கு. 1775-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின், உக்ரைனின் ஸாபரோஷிய கொசாக் வீரர்களின் கோட்டையை அழித்தார். அதற்கப்புறம் அந்தக் கொசாக்குகளில் பலரை 1790-களில் குபானில் குடியேற்றினார்கள். நூறு வருஷம் கழித்து, 1900-களின் தொடக்கத்தில், கோஷெட்ஸ் அங்கே போய் அவர்களின் வாரிசுகளிடம் பாட்டு சேகரித்தார். போன் இல்லை, ரெக்கார்டர் வசதி இல்லை. ஒருவர் பாடப் பாட, காதால் கேட்டு, கையால் ஸ்வரமாக எழுதிக்கொள்ள வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான பாட்டுகள்.

சொந்த ஊரை விட்டுப் போன ஒரு கூட்டம், நூறு வருஷம் கழித்தும் தாத்தா பாட்டியின் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பதை அவர் அங்கே நேரில் பார்த்தார். பின்னாளில் தனக்கும் அதே நிலைமை வரும்னு அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது.

கீவ் திரும்பிய பிறகு நாடகக் குழு, ஓபரா, பல்கலைக்கழகம் என்று பல இடங்களில் பாடகர் குழுக்களை நடத்தினார். ஷெட்ரிக் முதன்முதலாக மேடை ஏறியது 1916-இன் கடைசியில், கீவில். பாடியது யார் தெரியுமா? கீவ் பல்கலைக்கழக மாணவர்கள். ஆமாம், நம்ம வயசுப் பசங்க. முன்னால் நின்று நடத்தியவர் கோஷெட்ஸ். லியோன்தோவிச் வெளியூரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பல வருஷமாகத் திருத்தித் திருத்தி எழுதியிருந்தார். ஒரே ராத்திரியில் அவர் பெயர் கீவ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த வருஷம் ரஷ்யப் பேரரசே சரிந்தது. 1918 ஜனவரியில் உக்ரேனிய மக்கள் குடியரசு தனி நாடாகத் தன்னை அறிவித்தது. ஆனா பிறந்த நாளிலிருந்தே அந்த நாட்டுக்குச் சண்டைதான். ஒரு பக்கம் போல்ஷெவிக் படை, இன்னொரு பக்கம் பழைய பேரரசின் ஆதரவாளர்கள், மேற்கில் போலந்து. இதற்கிடையில் 1919-இல் பாரிசில் அமைதி மாநாடு. முதல் உலகப் போருக்குப் பிறகு உலக வரைபடத்தை அங்கே உட்கார்ந்துதான் மாற்றி வரைந்தார்கள். உக்ரைனின் பெரிய சிக்கல் என்னன்னா, அங்கே இருந்தவர்களில் பலருக்கு உக்ரேனியர் என்று தனியாக ஒரு மக்கள் இருப்பதே தெரியாது. அது ரஷ்யாவின் ஒரு ஓரம், அந்த மொழி ரஷ்யனின் ஒரு வட்டார வழக்கு என்று நினைத்தார்கள்.

அந்த நேரத்தில் உக்ரைனின் தலைவர்களில் ஒருவரான சைமன் பெத்லியூரா வினோதமான ஒரு முடிவு எடுத்தார். ஐரோப்பாவுக்கு ஒரு பாடகர் குழுவை அனுப்புவது. 1919 ஜனவரியில் உத்தரவு. பொறுப்பு கோஷெட்ஸுக்கும், இசையமைப்பாளர் கிரிலோ ஸ்தெத்சென்கோவுக்கும். கஜானாவில் காசு இல்லாத, போரில் தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு அரசாங்கம் பாட்டுக்குச் செலவு செய்யுதுன்னா சிரிப்பு வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க. நாங்க தனி மக்கள்னு தூதர்கள் சொன்னா யாரும் கேட்கவில்லை. ஒரு மேடையில் இரண்டு மணி நேரம் பாடிக் காட்டினால்? அதுவும் இது படைக்கு ஆகும் செலவில் ஒரு துளிதான்.

பிப்ரவரி 5-ஆம் தேதி கீவ் போல்ஷெவிக்குகள் கையில் விழுந்தது. குழு சரியாக உருவாகும் முன்பே நகரம் போய்விட்டது. பாடகர்கள் சிதறினார்கள். மேற்கே கமியானெட்ஸ்-போதில்ஸ்கி என்ற ஊரில் கோஷெட்ஸ் மறுபடியும் ஆள் சேர்த்து, ஒத்திகை பார்த்து, எல்லையைத் தாண்டினார். மே 11-ஆம் தேதி பிராக் நகரில் முதல் கச்சேரி. வாத்தியமே இல்லாமல், குரல்களை மட்டும் வைத்து ஒரு ஆர்கெஸ்ட்ராவின் வண்ணம் முழுவதையும் கொண்டு வருவதுதான் கோஷெட்ஸின் பாணி. ஒரு பகுதி வார்த்தையைப் பாடும்போது இன்னொரு பகுதி வாயை மூடி முனகிக்கொண்டே சுருதி பிடிக்கும். பிராக் மயங்கிவிட்டது. ஸ்தெனெக் நெயெட்லி என்ற செக் இசை அறிஞர் இந்தக் குழுவைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

அங்கிருந்து வியன்னா, சுவிட்சர்லாந்து, பாரிஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லண்டன், ஜெர்மனி, ஸ்பெயின். போகிற இடமெல்லாம் ஷெட்ரிக்கை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார்கள்.

சரி, இத்தனை கைதட்டலுக்கும் பலன் என்ன? அரசியல் கணக்கில் பூஜ்யம். பாரிசில் உக்ரைனை அங்கீகரிக்கவில்லை. 1921 மார்ச்சில் ரீகா ஒப்பந்தத்தில் போலந்தும் சோவியத் தரப்பும் உக்ரைனைப் பங்கு போட்டுக்கொண்டன. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அப்பா வீட்டுக்கு வந்திருந்த லியோன்தோவிச்சை, அந்த இரவு அங்கே தங்க இடம் கேட்டு வந்த ஒரு ஆள் சுட்டுக் கொன்றான். அவன் சோவியத் ரகசியப் போலீசின் ஆள் என்ற ஆவணம் வெளியே வர எழுபது வருஷத்துக்கும் மேல் ஆனது. லியோன்தோவிச்சுக்கு அப்போது வயது 43. ஊரிலேயே தங்கிவிட்ட ஸ்தெத்சென்கோ 1922-இல் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். 1926-இல் பாரிஸ் தெருவில் பெத்லியூராவும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கோஷெட்ஸின் கையில் மிஞ்சியது ஒரு பாடகர் குழு. அதை அனுப்பிய நாடு வரைபடத்தில் இல்லை.

1922-இல் குழு அமெரிக்கா போனது. அக்டோபர் 5, நியூயார்க்கின் கார்னகி ஹால். ஷெட்ரிக் அமெரிக்காவில் ஒலித்த முதல் மேடை அதுதான். அதே சமயத்தில் நியூயார்க்கில் பிரன்ஸ்விக் கம்பெனி அந்தப் பாட்டை இசைத்தட்டாகவும் பதிவு செய்தது. டிசம்பரில் மெக்சிகோ நகரத்தில் காளைச் சண்டை மைதானத்தில் ஒரு கச்சேரி. கேட்க வந்தவர்கள் 30,000-க்கும் மேல். மைக் இல்லாமல் திறந்தவெளியில் பாடினார்கள். பிறகு பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே, கியூபா. 1924 வாக்கில் காசும் தெம்பும் தீர்ந்து குழு கலைந்தது. கோஷெட்ஸ் நியூயார்க்கில் தங்கிவிட்டார். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஊருக்கு அவர் திரும்பவே இல்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இது ஒரு சோகமான சுற்றுப்பயணக் கதை, அவ்வளவுதான். ஆனா இதற்கப்புறம் இரண்டு விஷயம் நடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

முதல் விஷயம். பீட்டர் வில்ஹவுஸ்கி என்பவர் நியூயார்க் பள்ளிக்கூடங்களில் பாடகர் குழு நடத்தியவர். அவர் அமெரிக்காவில் பிறந்தவர், ஆனா குடும்பம் கார்பாத்திய மலைப்பகுதியிலிருந்து வந்தது. ஷெட்ரிக் அவருக்குப் பிடித்துப்போனது. அவர் காதுக்கு அது மணி ஒலிப்பது போல இருந்தது. மணியையும் கிறிஸ்துமஸையும் வைத்து ஆங்கிலத்தில் புது வரிகள் எழுதினார். 1936-இல் காப்புரிமை பதிவானது. பாட்டு பிய்ச்சுக்கிட்டுப் பறந்தது. ரேடியோ, பள்ளி, படம், விளம்பரம் என்று இன்று உலகத்தில் அதிகம் பாடப்படும் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் அதுவும் ஒன்று. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல வேலைதான் செய்தார். ஆனா குருவி காணாமல் போனது. அதோட சேர்ந்து அந்தப் பாட்டு எந்த மக்களுடையது என்ற விவரமும் காணாமல் போனது. ஒரு மக்களின் பெயரை உலகத்துக்குச் சொல்லத்தான் அந்தப் பாட்டை அனுப்பினார்கள். பாட்டு ஜெயித்தது, பெயர் விழுந்துவிட்டது.

இரண்டாவது விஷயம் நடந்தது கனடாவில். 1891-இலிருந்து உக்ரேனிய விவசாயிகள் கனடாவின் புல்வெளி மாநிலங்களுக்குக் குடியேற ஆரம்பித்திருந்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கும் முன் அவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவர்கள் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த பகுதிகளிலிருந்து வந்ததால், போர் வந்ததும் அவர்களை எதிரி நாட்டுக் குடிகளாகப் பார்த்து, ஆயிரக்கணக்கானோரை முகாம்களில் அடைத்தது கனடா அரசு. 1916-இல் இன்னொரு அடி. மனிடோபா மாநிலத்தில் அதுவரை ஆங்கிலத்தோடு உக்ரேனிய மொழியிலும் பாடம் நடத்த அனுமதி இருந்தது. அந்த இருமொழிப் பள்ளிகளை மாநில அரசு ஒரே சட்டத்தில் ஒழித்தது. இனி ஆங்கிலம் மட்டும்.

பள்ளிக்கூடம் கைவிட்ட மொழியை எங்கே வைத்துக் காப்பாற்றுவது? மரப்பலகையால் கட்டிய ஊர்ச் சங்கக் கூடங்களில், தேவாலயங்களில், சாயந்திர வகுப்புகளில், நாடக மேடையில், பாடகர் குழுவில். இங்கே பாட்டுக்கு ஒரு தனி வசதி இருக்கு. இலக்கணம் தெரியாத பிள்ளையும் பாட்டைக் கற்றுக்கொள்ளும். உச்சரிப்பு தானாகவே வரும், ஏன்னா பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து ஒலிக்கலைன்னா பாட்டே கெட்டுவிடும். அர்த்தம் கேட்டால் பாட்டி சொல்வார்.

1941-இல் கனடாவில் உக்ரேனியர் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த வருஷம் முதல் கோடைக்காலத்தில் மனிடோபாவின் தலைநகர் வின்னிபெக்கில் நடந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க கோஷெட்ஸ் வந்தார். அவருக்கு வயது 65. கார்னகி ஹாலில் நின்றவர் இப்போது கோடை வகுப்பு வாத்தியார். எதிரே இருந்தவர்கள் கனடாவின் உக்ரேனிய இளைஞர்கள். உக்ரைனைக் கண்ணால் பார்க்காத தலைமுறை. அவர் பாட்டு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடகர் குழுவை எப்படி நடத்துவது என்பதைச் சொல்லிக்கொடுத்தார். உக்ரேனியப் பாட்டின் வரலாற்றையும் சொல்லிக்கொடுத்தார்.

இந்த வித்தியாசம் சின்னதா தெரியலாம், ஆனா விஷயமே இதில்தான் இருக்கு. நல்லாப் பாடும் ஒருவரை உருவாக்கினால் ஒரு குரல் கிடைக்கும். நடத்தத் தெரிந்த ஒருவரை உருவாக்கினால், அவர் ஊருக்குப் போய் முப்பது பேரைச் சேர்ப்பார். அந்த முப்பதில் ஒருவர் பிறகு இன்னொரு குழு தொடங்குவார். மெக்சிகோவில் கேட்ட முப்பதாயிரம் பேர் கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். வின்னிபெக் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் குறைவு. ஆனா அவர்களிடம் பாட்டு அதன் பெயரோடு, அதன் மொழியோடு, அதன் குருவியோடு போய்ச் சேர்ந்தது.

அது நடந்த காலத்தையும் நினைவில் வைங்க. 1941 செப்டம்பரில் கீவ் நாஜிகளிடம் விழுந்தது. அவர் வளர்ந்த மண்ணில் உலகத்தின் மிகக் கொடூரமான போர். அந்த வருஷங்களின் கோடைகளில் அவர் கடல் தாண்டி உட்கார்ந்து, அந்த மண்ணின் பாட்டை நாலு குரலாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1944 செப்டம்பர் 21-ஆம் தேதி, வின்னிபெக்கிலேயே இறந்தார். வயது 69. அங்கேயே புதைத்தார்கள்.

அவர் மனைவி தெத்தியானாவும் பாடகி. கணவர் இறந்த பிறகு வின்னிபெக்கிலேயே தங்கி, 1944-இல் அங்கே தொடங்கிய உக்ரேனியப் பண்பாட்டு மையமான ஒசெரெடோக்கில் அருங்காட்சியகப் பணியைப் பார்த்துக்கொண்டார். கோஷெட்ஸின் நினைவுக் குறிப்புகள் 1940-களின் கடைசியில் அதே ஊரில் அச்சாயின. சோவியத் உக்ரைனில் அவர் பெயரை வெளிப்படையாகக் கொண்டாட முடியாத காலம் அது. 1940-களில் வின்னிபெக்கில் உருவான ஒரு பாடகர் குழு 1967-இல் கோஷெட்ஸ் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

1979-இல் மனிடோபா அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம்–உக்ரேனியம் இருமொழி வகுப்புகள் மறுபடி தொடங்கின. 1916-இல் மூடிய கதவு, 63 வருஷம் கழித்துத் திறந்தது. பாட்டு மட்டும்தான் காரணம்னு சொன்னா அது மிகை. சங்கங்கள், தேவாலயங்கள், அரசியல், 1971-இல் கனடா அறிவித்த பன்பண்பாட்டுக் கொள்கை என்று நிறைய காரணம் உண்டு. ஆனா 63 வருஷம் கழித்துக் கதவைத் திறக்கும்போது, உள்ளே போக அந்த மொழி தெரிந்த பிள்ளைகளும் அதைக் கேட்ட பெற்றோரும் இருந்தார்கள் இல்லையா? பள்ளியில் மொழி இல்லாத அத்தனை வருஷமும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு கூடத்தில், வாரா வாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்ததால்தான் அது.

2022 டிசம்பர் 4-ஆம் தேதி, நூறு வருஷம் முடிந்ததை ஒட்டி, கார்னகி ஹாலில் ஷெட்ரிக் மறுபடி ஒலித்தது. கீவிலிருந்து வந்த பிள்ளைகளின் பாடகர் குழு பாடியது. ஊரில் மறுபடியும் போர். பழையபடி அதே மேடை, அதே நாலு ஸ்வரம். ஒரு வித்தியாசம், இந்த முறை அவர்களை அனுப்பிய நாடு வரைபடத்தில் இருந்தது.

1922 இசைத்தட்டுப் பதிவு இன்று இணையத்தில் கிடைக்குது. ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க. கீறல் சத்தம் இருக்கும், ஒலி மங்கலா இருக்கும், ஒரு ரீல்ஸுக்குக்கூட தேறாது. ஆனா பின்னால் அடித்தொண்டையில் ஆண்குரல்கள் மெல்ல ஏறி வரும் இடத்தைக் கவனிங்க. பாடுறவங்க யாருக்கும் அந்த நேரத்தில் திரும்பிப் போக நாடு கிடையாது. ஆடு குட்டி போட்டிருக்கு, இந்த வருஷம் நல்லா இருக்கும்னு பாடிக்கிட்டிருக்காங்க.